புதுக்கோட்டைச் சீமையில் உயிர்களைத் தரிசிக்க

திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்கே செல்லும் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து வருகிற பிரயாணிக்குப் புதுக்கோட்டைச் சீமை செம்மண் மேடும் மொட்டைப் பாறையும் முள்மரமுமாகவே காட்சியளிக்கும். இந்த வறண்ட பிரதேசத்தில் காணத்தக்க ஜீவராசிகள் என்ன இருக்கப்போகின்றன என்று எண்ணி, அவர் புத்தகத்தை விரித்துக்கொண்டு ராமேசுவரம் வரை தலைநிமிராமல் போய்விடவும் கூடும். அவர் இவ்வூரில் இறங்கி நாலைந்து நாள் தங்கி, விடியுமுன் எழுந்து நடக்கவும், நடந்த இடத்தில் பேசாமல் உட்காரவும் சம்மதிப்பாரானால், குன்றும் குளமும் தோப்பும் கடலுமாக இச்சீமை அவருக்குத் தன்னைத் திறந்து காட்டும். இங்கே புலியும் யானையும் இல்லை. இருப்பவற்றுள் பெரும்பாலானவை வேலி போட்டுக் காக்கப்பட்டவையும் அல்ல. ஏதோ ஒரு பக்தியின் பொருட்டோ, ஒரு விரதத்தின் பொருட்டோ, மனிதர் தம் கையைத் தாமே அடக்கிக்கொண்டதனால் பிழைத்தவை. அந்த அடக்கத்தை அறிந்து வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வழியும் காலமும்

விமானத்தில் வருவோர் திருச்சிராப்பள்ளியில் இறங்கலாம். அங்கிருந்து புதுக்கோட்டை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பஸ் வசதிக்குக் குறைவே இல்லை. இச்சீமைக்கு உயிர் கொடுப்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையாதலால், மழை ஓய்ந்து கண்மாய்கள் நிரம்பி நிற்கும் மார்கழி, தை, மாசி மாதங்களே வருவதற்கு உகந்தவை. சித்திரையிலும் வைகாசியிலும் பாறைகள் அனலாய்க் கொதிக்கும். அப்போது வர நேர்ந்தால் காலை ஒன்பது மணிக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு நிழலுக்குத் திரும்பிவிடுவது நலம்.

முதலில் திருக்கோகர்ணம்

எங்கும் புறப்படுமுன் ஒரு பகற்பொழுதைத் திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் செலவிடுங்கள். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில், 1910ஆம் ஆண்டில் தோன்றிய இந்நிலையத்தில் சிற்பங்களோடும் செப்புத் திருமேனிகளோடும் விலங்கு, பறவைகளின் பாடம் செய்யப்பட்ட உடல்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே கணநேரத்தில் பறந்து மறைந்துவிடும் ஒரு பறவையின் அலகையும் காலையும் இங்கே அவசரமின்றிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டால், நாளைக் காலையில் அது கிளையில் வந்து அமரும்போது உங்கள் கண் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

சித்தன்னவாசலும் நார்த்தாமலையும்

நகருக்கு வடமேற்கே பதினாறு கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று இருக்கிறது. அதன் கீழ்ப்புறச் சரிவில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சமண முனிவர்கள் வழவழப்பான கற்படுக்கைகளில் கிடந்து தவம் செய்தார்கள் என்பதற்கு, அங்கே தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டே சாட்சி. எந்த உயிருக்கும் ஹிம்சை செய்யலாகாது என்று விரதம் பூண்டவர்கள் அவர்கள். மேற்புறத்துக் குடைவரைக் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது; மலர்ந்த தாமரைகளுக்கும் இலைகளுக்கும் இடையே மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் உலவ, மலர் கொய்பவர்கள் நீரில் நிற்கின்றனர். அந்த ஓவியத்தைச் சித்திர விற்பன்னர்கள் எப்படி வேண்டுமானாலும் போற்றட்டும். குளத்தின் கரையில் நெடுநேரம் அசையாமல் இருந்து பார்த்த ஒருவரால் அன்றி அதை எழுதியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றும். இந்த யாத்திரை முழுவதற்கும் அந்தக் கலைஞனையே குருவாகக் கொள்ளுங்கள்.

நார்த்தாமலை, திருச்சிராப்பள்ளி சாலையில் ஏறக்குறைய அதே தூரத்தில் உள்ளது. மேலமலையில் மேற்கு நோக்கி நிற்கும் விஜயாலய சோழீச்சரத்தைக் காணச் செல்வோர் ஒன்பதாம் நூற்றாண்டின் சிற்பத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் வழியிலுள்ள சுனைகளின் அருகே சற்றுக் குனிந்து பாருங்கள். மழை முடிந்த வாரங்களில் பாறைக் குழியில் தேங்கிய முழங்கால் ஆழ நீரிலே தவளைக் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் நீர்ச்செடிகளும் கூடி ஒரு சிற்றுலகமே நடந்துகொண்டிருக்கும். கோடை அதை வற்றச் செய்வதற்குள் தம் வாழ்க்கையை முடித்துக்கொள்ள வேண்டிய உயிர்கள் அவை. அந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், எஞ்சிய சோற்றைக் கொட்டுவதும், பாறையில் பெயர் எழுதுவதும் பெரும் பிழைகள். வெடி வைத்துப் பிளக்கப்பட்ட பாறையை மறுபடி வளர்க்க எவராலும் ஆகாது. ஆதலால் சுற்றுவட்டாரத்துக் கல்குவாரிகளைக் காணும்போது, எஞ்சி நிற்கும் இக்குன்றுகளின் அருமை உங்களுக்கு விளங்கும்.

விராலிமலை

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் விராலிமலை இருக்கிறது. அருணகிரிநாதர் பாடிய முருகன் தலம் அது. முருகனுடைய வாகனமாகிய மயில், குன்றின் சரிவிலும் சுற்றியுள்ள புதர்களிலும் அச்சமின்றிச் சஞ்சரிக்கக் காணலாம். 1963ஆம் ஆண்டு தேசியப் பறவையாக அறிவிக்கப்படுவதற்கும், 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முதல் அட்டவணையில் இடம் கொடுப்பதற்கும் வெகுகாலம் முன்பே, இவ்வூர் மக்கள் மயிலின்மீது கல்லெறிவதைப் பாவமாகக் கருதினார்கள். பொழுது விடியும் நேரத்திலும் வெயில் தாழும் நேரத்திலும் படிகளில் ஓரமாக உட்கார்ந்தால் போதும். அவை தாமே வரும். தீனி போட்டு அழைக்காதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகிய பறவை சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. ஆண் மயில் ஆண்டுக்கொரு முறை தோகையை உதிர்த்து மீண்டும் வளர்க்கிறது. ஆயினும் விற்கப்படும் இறகெல்லாம் உதிர்ந்த இறகு என்று எவரால் உறுதி கூற முடியும்? வாங்காமல் திரும்புவதே தக்கது.

மயில் கடலைக் கொல்லையில் இறங்கினால் உழவனுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதையும், அவ்வூரார் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு மயிலை விட்டுவைக்கிறவனே மெய்யான காவலன். நகரத்திலிருந்து புகைப்படம் எடுக்க வருகிற நாம் அவனுக்குக் கடன்பட்டவர்கள்.

கோயில்காடுகள்

இந்தச் சீமையில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு அன்று. சாலையின் இருமருங்கும் ஒரே உயரத்தில் வரிசை பிடித்து நிற்பவை, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட தைலமரங்கள். காகிதத்துக்கும் கூழுக்கும் வெட்டப்படுபவை. அத்தோப்பினுள் நுழைந்து பத்து நிமிஷம் நின்றால், காலடியில் காய்ந்த சருகு நொறுங்கும் ஓசையன்றி வேறு ஓசை அநேகமாகக் கேட்காது. அதன் பிறகு பக்கத்துக் கிராமத்தில் உள்ள அய்யனார் கோயில்காட்டுக்குப் போய் நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள பேதத்தை நான் விளக்க வேண்டியதே இல்லை.

சோழமண்டலக் கரையை ஒட்டிய குறுகிய நிலப்பரப்பில், வறட்சி நீண்டபோதும் இலை உதிர்க்காமல் நிற்கும் ஒருவகைக் காடு உண்டு; உலர் பசுமைமாறாக் காடு என்று தாவர நூலோர் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். தடித்த சிறிய இலைகளும், நெருங்கிய கிளைகளும், மரத்துக்கு மரம் தாவிப் பின்னும் கொடிகளுமாக, ஆள் உயரத்துக்குச் சில மடங்கே வளரும் குட்டைக்காடு அது. வீரை, உலக்கைப்பாலை, காசான், அழிஞ்சில், உசிலை, காரை முதலியன அதன் குடிகள். ஊரும் வயலும் பெருகப் பெருக அந்தக் காடு அழிந்துபோய், இன்று சில ஏக்கர் அளவில் அங்குமிங்கும் எஞ்சி நிற்பது பெரும்பாலும் தெய்வத்துக்கு விடப்பட்ட நிலங்களில்தான். அறையப்பட்டி, மரமடக்கி ஆகிய ஊர்களின் காடுகளைத் தாவர ஆராய்ச்சியாளர்கள் மரம் மரமாக எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கீரமங்கலத்துக்கு அருகே குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் உண்டு. அங்கே மரங்களுக்கு நடுவே வானளாவி நிற்கும் பெருங்குதிரையைக் காணவும், மாசிமகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலைகள் குவிவதைக் காணவும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாளில் நீங்கள் போங்கள். அய்யனாரின் பெயருக்கே அடியாகிய காரைமரம் எது என்று பூசாரியைக் கேளுங்கள். வேறு பல ஊர்களில், வேளார்கள் வனைந்து சுட்ட மண்குதிரைகள் புரவியெடுப்பு விழாவில் தோளேறி வந்து அய்யனார் திடலில் வரிசையாக நிற்கும்; பழையவை மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருக்க, அவற்றின் வயிற்றில் ஓணானும் அணிலும் குடியிருக்கும்.

இக்காடுகளில் கத்தி படக்கூடாது என்பது பழைய கட்டு. பல ஊர்களில், தானாக விழுந்த சுள்ளியைக்கூட அடுப்பெரிக்க எடுத்துச் செல்லமாட்டார்கள். விழுந்த கட்டை அங்கேயே மக்கிக் கறையானுக்கும் காளானுக்கும் வண்டுக்கும் இரையாகி, மறுபடியும் மரமாகிறது. வனத்துறை எழுதி வைக்காத இவ்விதியை ஏழை வீட்டுப் பெண்கள் விறகுக்கட்டு தேடி வெகுதூரம் நடந்தும் காத்து வந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் உருகாதிருக்குமா? கோயிலுக்குக் கான்கிரீட் மண்டபம் எழுப்பவும், வண்டி நிறுத்த இடம் அமைக்கவும் அதே காட்டை இன்று நாமே வெட்டத் துணிகிறோமானால், நம் பக்தியில் ஏதோ ஓர் அம்சம் குறைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கண்மாய்கள்

ஆறுகளில் ஆண்டு முழுவதும் நீர் ஓடாத இச்சீமைக்குக் கண்மாயே ஜீவாதாரம். புதுக்கோட்டையின் எல்லையிலேயே பரந்து கிடக்கும் கவிநாடு கண்மாய்க் கரையில் தை மாதத்து விடியற்காலையில் நடந்தால், நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், முக்குளிப்பான், அரிவாள்மூக்கன், இலைக்கோழி என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பழகலாம். கரையின்மேல் நிழலுருவாகத் தெரியாதபடி, மரத்தடியில் ஒதுங்கி நில்லுங்கள். நேரம் இருப்பவர்கள் திருப்பத்தூர் வழியாகச் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்கும் சென்று வரலாம். கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் அஞ்சி ஓடிவிடுமே என்று, அவ்வூரும் கொள்ளுகுடிப்பட்டியும் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளும் அந்த ஆசையை விட்டுக்கொடுத்த ஊர்கள் அவை.

பாக்கு நீரிணைக் கரை

அறந்தாங்கியைத் தாண்டிக் கிழக்கே போனால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கடலோர ஊர்கள் தொடரும். மீமிசலுக்கு அருகே முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டைப் படகிலிருந்து பார்க்கலாம். அலை சீறாத, ஆழம் மிகாத இந்தக் கடலின் அடியிலே கடற்புல் வெளிகள் விரிந்துள்ளன; அவற்றில் மேய்வது கடற்பசு. ஆவுளியா என்றும் அதைச் சொல்வார்கள். மூன்று மீட்டர் வரை நீளும் பெரிய உடல். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே தீரவேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர மாட்டாமல் மூச்சடைத்து மாண்டுபோகும். பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை ஆகும். ஆகையால் ஒன்று இறந்தால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டு செல்லும். முன்பு இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டதும், அடிமண்ணை வாரிச் செல்லும் இழுவை மடிகள் கடற்புல்லை வேரோடு பெயர்த்ததும் அதன் குலத்தைச் சுருக்கிவிட்டன.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. ஆனால் கரையிலிருந்து பல கல் தொலைவில், இருட்டில், வலையில் ஒரு கனத்த உடல் துடிக்கும்போது அங்கே நிற்பது அரசாணை அன்று; ஒரு மீனவன். விலை உயர்ந்த வலையை அறுத்து அதை விட்டுவிடுவதா என்பதை அவனே தீர்மானிக்கிறான். அப்படி அறுத்து விட்ட மீனவர்களுக்கு வனத்துறை சன்மானம் வழங்கி வருகிறது. கடற்புல் வெளியிலேதான் இறாலும் நண்டும் பல மீன்குஞ்சுகளும் வளர்கின்றனவாதலால், கடற்பசுவைக் காப்பது தன் பிள்ளைகளின் சோற்றைக் காப்பதேயாகும் என்பதை அவனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கடற்பசுவைக் காட்டுகிறேன் என்று யாரேனும் படகுக்கு அழைத்தால் போகாதீர்கள். இயந்திரப் படகின் ஓசை அதை மேய்ச்சலை விட்டு விரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் வலை பின்னிக்கொண்டு கரையில் இருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டால், தாம் கண்டதைச் சொல்வார்கள்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

கோயில்காட்டில் நுழையுமுன் ஊரில் ஒருவரிடம் சொல்லி அனுமதி பெறுங்கள்; செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள்.

குடிநீரைப் பாத்திரத்தில் கொண்டு வாருங்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக் அனைத்தையும் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

கூட்டின் அருகே போகாதீர்கள். ஒலிபெருக்கியில் பறவைக் குரலை ஒலித்து அழைக்காதீர்கள். இரவில் விளக்கு அடிக்காதீர்கள்.

அடிபட்ட விலங்கையோ கரையொதுங்கிய கடற்பசுவையோ ஆமையையோ கண்டால், தொடாமல் வனத்துறைக்கும் ஊராருக்கும் உடனே தெரிவியுங்கள்.

உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு, உள்ளூர் வண்டியிலேயே செல்லுங்கள். காட்டையும் குளத்தையும் காத்தவர்களுக்கு உங்கள் வருகையால் சிறிதேனும் பயன் இருக்கட்டும்.

புறப்படும் நாளில், மணமேல்குடிக் கரையில் வெயில் ஏறுவதற்குள் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருங்கள். கடற்பசு கண்ணில் படாது. தம் காட்டுக்குள் குடியிருக்கும் தெய்வத்தைக் கண்ணால் காணாமலே ஒரு சுள்ளியையும் எடுக்காது திரும்பும் குளமங்கலத்தார்போல, நீங்களும் அந்த நீருக்கடியில் மேயும் தாயையும் குட்டியையும் நினைத்து, கையில் ஒரு கிளிஞ்சலும் எடுக்காமல் ஊர் திரும்புங்கள்.