தொட்டால் விலகும் குழந்தை

பெருநாள் தொழுகை முடிந்து உறவினர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஆளாளுக்குக் குழந்தையைத் தூக்கி, கன்னத்தைக் கிள்ளி முத்தமிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. "பிள்ளையை இப்படியா வளர்ப்பது?" என்று யாரோ சொல்லிவிடுகிறார். அந்தத் தாய் பதில் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறார். நம் குடும்பங்களில் நாம் பார்த்துவரும் காட்சிதான் இது.

அவர் மனதில் அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருக்கிறது. "நான் அணைத்தால்கூடத் தள்ளிவிடுகிறதே, என்மேல் பாசமே இல்லையோ?" தாய்மார்களே, அப்படி நினைக்க வேண்டாம். பிள்ளை விலகுவது உங்களை விட்டு அல்ல; அந்தத் தொடுதலின் விதத்தை விட்டுத்தான்.

தொடுதல் ஏன் உறுத்துகிறது?

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவை நமக்கு இருப்பதைவிட மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உறைக்கும். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோயறிதல் கையேடு, இதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. மெல்லிய வருடலும், எதிர்பாராமல் பின்னாலிருந்து தோளில் விழும் கையும் சில குழந்தைகளால் தாங்க முடியாதவை. அதே குழந்தை கனமான போர்வைக்குள் புகுந்து நிம்மதியாகப் படுத்திருக்கும்.

அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். சிறுவயதில் அணைப்புக்கு ஏங்கினார். ஆனால் யாராவது அணைத்தால் அவரால் தாங்க முடியவில்லை. தம் அத்தையின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டுக்குள் சில மாடுகள் அமைதியாவதைக் கண்டார். பதின்ம வயதிலேயே தமக்கென அப்படி ஒரு கருவியைச் செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பது அவர் கையிலேயே இருந்தது. அதுதான் நமக்குப் பாடம்.

மசாஜ் பற்றிய ஆய்வு

டிஃபனி ஃபீல்ட் 1992-இல் மயாமி பல்கலைக்கழகத்தில் தொடுதல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் சக ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 6 வயது வரையிலான 20 குழந்தைகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குப் பெற்றோரே பயிற்சி பெற்று, ஒரு மாதம் தினமும் தூங்கும் முன் 15 நிமிடம் மசாஜ் செய்தனர். மற்றப் பிரிவினருக்குப் பெற்றோர் கதை வாசித்தனர். மசாஜ் பெற்ற குழந்தைகளுக்குத் தூக்கச் சிக்கல் குறைந்தது. வகுப்பில் கவனம் கூடியது.

ஆனால் இது சிறிய ஆய்வு. பிற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்றே கூறியுள்ளனர். எனவே "மசாஜால் ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்" என்று பணம் கேட்பவர்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியையும் ஆக்குபேஷனல் தெரபியையும் நிறுத்தாதீர்கள். நல்ல தூக்கமும் சற்று அமைதியும் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

வீட்டில் செய்யும் முறை

1. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் குழந்தையின் பயம் குறையும்.

2. முன்பக்கம் உட்கார்ந்து, கைகளைக் காட்டி, "கையைப் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். பேசாத குழந்தையும் கையை நீட்டியோ இழுத்தோ பதில் சொல்லும்.

3. கை, முதுகு, பாதம் என்று தொடங்குங்கள். முகம், தலை, வயிறு வேண்டாம். சட்டையின் மேலேயே செய்யலாம்.

4. உள்ளங்கை முழுவதையும் வைத்து, மெதுவாக, சீராக அழுத்துங்கள். வலிக்கக் கூடாது, கூச்சமும் வரக் கூடாது. எண்ணெய் வாசனை பிடிக்காவிட்டால் எண்ணெய் வேண்டாம்.

5. முதல் வாரம் இரண்டு நிமிடம் போதும். உடல் விறைத்தால், முகம் சுளித்தால், கையை இழுத்தால் உடனே நிறுத்துங்கள். பிடித்து வைத்துச் செய்யவே கூடாது.

காய்ச்சல், புண், தோல் அரிப்பு இருக்கும் நாளில் செய்ய வேண்டாம். வலிப்பு வரும் குழந்தையாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். தகப்பனாரும் கற்றுக்கொண்டால் தாய்க்குச் சற்று ஓய்வு கிடைக்கும்.

"வேண்டாம்" என்பதை மதிப்போம்

யார் தொட்டாலும் பேசாமல் இருக்கப் பழக்கப்பட்ட குழந்தை ஆபத்தில் இருக்கிறது. தவறாகத் தொடுபவரையும் அது தடுக்காது. நாம் ஒவ்வொரு முறை கேட்டுத் தொடும்போதும், தன் உடல் தன்னுடையது என்று குழந்தை கற்கிறது. வெளியாள் யாராவது மசாஜ் செய்தால் பெற்றோரில் ஒருவர் கட்டாயம் அந்த அறையில் இருக்க வேண்டும்.

இது உறவினர்களுக்கும் பொருந்தும். வரும் பெருநாளில் அந்தக் குழந்தையைத் தூக்காமல், சற்றுத் தள்ளி நின்று ஸலாம் சொல்லிக் கையை நீட்டுவோம். அது கை கொடுத்தால் மகிழ்ச்சி. கொடுக்காவிட்டால் புன்னகைத்துவிட்டு நகர்வோம். அந்தத் தாய் அடுப்படிக்குப் போகாமல் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.