பழைய மண்டபமும் புதிய வெம்மையும்



குளிர்காலச் சனிக்கிழமைகளில் மேலங்கியைக் கழற்றாமலே அகரம் எழுதும் சிறுவர்களை எமது வகுப்பிற் காண்கிறோம். "இந்தப் பழைய மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால் என்ன, சேர்?" என ஒரு மாணவி வினவினாள். அவ்வினாவுக்கு விடையே இப்பாடம்.

இங்கிலாந்தில் வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்கள் சட்டத்தாற் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் தன்மையை அனுமதியின்றி மாற்றுதல் குற்றமாகும். இது வீண் தடையன்று.

பழைய சுவர்கள் பெரும்பாலும் நடுவே இடைவெளியற்றவை; சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்டவை. மழையில் உறிஞ்சிய ஈரத்தை அச்சாந்தின் வழியே மெல்ல வெளிவிடும். எம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர்களின் இயல்பும் அதுவே. வெப்பத்தைக் காக்கும் எண்ணத்துடன் அவற்றின்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உறைபனியிற் கல் வெடிக்கும். சுவரிற் பதிந்த மரங்கள் உக்கும். நன்மை கருதிச் செய்தது கேடாய் முடியும்.

ஆதலால் எளியவற்றை முதலிற் செய்தல் வேண்டும். கூரையின் உட்புறத்தே செம்மறியாட்டு உரோமம் போன்ற, ஈரத்தைச் சிறைப்படுத்தாத காப்புப் பொருளைப் பரப்பலாம். கதவிடுக்குகளை அடைக்கலாம். பழைய யன்னலை அகற்றாது அதன் உட்புறத்தே இரண்டாவது கண்ணாடியைப் பொருத்தலாம். ஆயினும் காற்றோட்டம் முற்றாக அடைபடலாகாது.

1499 இற் கட்டத் தொடங்கிய பாத் நகரப் பெருந்தேவாலயம் நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் அருகே நாள்தோறும் 11 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட வெந்நீர், ஏறத்தாழ 46 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் ஊறுகிறது. உரோமர் அமைத்த வடிகால் வழியே அவ்வெப்பம் பயனின்றி ஏவன் ஆற்றிற் கலந்து வந்தது. இன்று அவ்வடிகாலில் வெப்பத்தைக் கவரும் கருவிகள் உள்ளன. வெப்பப் பம்பிகள் அவ்வெப்பத்தை மேலும் உயர்த்த, தரையின் கீழுள்ள குழாய்கள் 2021 முதல் தேவாலயத்தைச் சூடாக்குகின்றன. தரையிற் பதித்திருந்த பழைய கல்லறைக் கற்களோ பெயர்க்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, மீண்டும் பதிக்கப்பட்டன. பழமையும் அழியவில்லை, குளிரும் நீங்கிற்று.

குளிரால் மக்கள் வராத மண்டபம் நாளடைவிற் பாழாகும். பழமையை அழித்துச் சூடேற்றிய மண்டபம் தன் அடையாளத்தை இழக்கும். நாம் படிப்பித்த பாடசாலையின் சுவர்கள் போரிற் சிதைந்தன; அவற்றைக் காக்க எமக்கு வாய்ப்பு இருக்கவில்லை. எமக்கு இடந்தந்த இச்சுவர்களைப் பேண வாய்ப்பு உண்டு.

பயிற்சி: மாணவர்களே, அடுத்த வாரம் கதவு, யன்னல் ஓரங்களிற் கையை வைத்துப் பாருங்கள். குளிர்காற்று நுழையும் இடங்களைக் குறித்து, ஐந்து வாக்கியங்களில் எழுதி வாருங்கள்.