அணியை அனுப்புவது எப்படி?

கணிப்பொறியில் ஒரே வகையான பல எண்களை வரிசையாக வைத்திருக்கும் அமைப்பிற்கு 'அணி' என்று பெயர். எங்கள் வகுப்பு மாணவியர் 40 பேரின் மதிப்பெண்களும் ஓர் அணியே. இதனை ஒரு மொழியில் எழுதிய நிரலிலிருந்து வேறு மொழியில் எழுதிய செயற்கூறுக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை யாவை? செய்முறை வகுப்பில் நாங்கள் பட்டறிந்ததை இங்கே கூறுகிறோம்.

சி மொழியை 1972-ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. அதில் நினைவகத்தை நிரல் எழுதுபவரே கவனித்துக்கொள்ள வேண்டும். 2002-இல் வெளிவந்த டாட்நெட்டில் இயங்கும் சி ஷார்ப் நிரலுக்கோ ஒரு மேற்பார்வையாளர் உண்டு. விடுதியில் பெட்டிகளை நகர்த்தி இடம் உண்டாக்கும் அக்காவைப் போல, அவர் வேண்டாத தரவை அகற்றி, மற்றவற்றை இடம் மாற்றி அடுக்குவார்.

சி செயற்கூறு பெறுவதோ அணியின் தொடக்க முகவரி மட்டுமே. ஆகவே அழைப்பு முடியும் வரை அணி நகரக் கூடாது. எண்களின் அணியாயின் டாட்நெட் தானே அதை நகராமல் நிறுத்தி வைக்கிறது. அழைப்பு முடிந்த பின் அம்முகவரியை நம்பக் கூடாது. மேலும், முகவரியைக் கொண்டு அணியின் நீளத்தை அறிய இயலாது. எத்தனை எண்கள் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். மிகுத்துச் சொன்னால் செயற்கூறு பக்கத்துத் தரவையும் படிக்கும். எழுதினால் அதைக் கெடுத்துவிடும்.

இவை அனைத்தையும் நாங்கள் சரியாகவே செய்தோம். ஆயினும் சராசரி 34 என்று வந்தது! வகுப்பே தேர்ச்சி பெறவில்லையா எனத் திகைத்தோம். தாளில் கூட்டிப் பார்த்தபோது 68 கிடைத்தது.

காரணம் இதுதான்: சி ஷார்ப்பில் 'லாங்' என்னும் எண் 8 பைட், விண்டோஸில் சி மொழியின் 'லாங்' 4 பைட். எனவே செயற்கூறு ஒவ்வொரு எண்ணையும் இரண்டாகப் பிரித்து, மதிப்பெண், சுழியம், மதிப்பெண், சுழியம் என்று படித்தது. 40 இடங்களில் முதல் 20 பேரே அடங்கினர்; மற்ற 20 தோழியர் கணக்கிலேயே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. இரு பக்கமும் 4 பைட் 'இன்ட்' என மாற்றியதும் 68 வந்தது.

தோழியரே, முகவரி, எண்ணிக்கை, அளவு ஆகிய மூன்றிலும் இரு நிரல்களும் ஒத்திருக்க வேண்டும். கணிப்பொறி தந்த விடையாயினும், ஒருமுறை கையால் கணக்கிட்டுச் சரிபார்ப்போமாக!