களிமண் எடுக்கும் முன்: சப்ரகமுவத் தோட்டப் பகுதிக்கான குறிப்புகள்

பல நாட்டு மண்ணைச் சேர்த்து உருவாக்கும் கூட்டுக் கலைப்படைப்புக்கு இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்திலுள்ள இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மண்ணும் ஏற்றது.

● அனுமதி: தோட்ட நிலமானால் நிர்வாகத்தின் சம்மதம் தேவை. களிமண் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்துக்கு உட்பட்டது. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தில் முன்பே விசாரிக்க வேண்டும்.

● இடம்: சரிவில் அடிவெட்டக் கூடாது, அது மண்சரிவைத் தூண்டும். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மண்சரிவு வீடுகளைப் புதைத்தது. கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகளில் இறங்கவே கூடாது. மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

● பாதுகாப்பு: சேற்றுநீரில் எலிக்காய்ச்சல் பரவும். பூட்ஸும் கையுறையும் அணிந்து, காயங்களை மூடிக்கொள்ள வேண்டும்.

● சோதனை: மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணைப் பிசைந்து பென்சில் கனத்தில் உருட்டி விரலில் சுற்ற வேண்டும். வெடிக்காவிட்டால் வனைய உதவும்.

● சுத்தம்: உலர்த்தி உடைத்து, நீரில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். படிந்த மண்ணைத் துணியில் உலரவிட வேண்டும்.

● சுருங்கும் அளவும் நிறமும்: ஈரக் களிமண் தகட்டில் 10 செ.மீ. கோடு கீறி, காய்ந்தபின்னும் சுட்டபின்னும் அளக்க வேண்டும். இரும்பு கலந்த மண் சுட்டால் சிவக்கும்.

● அனுப்புதல்: நோய்க்கிருமி, பூச்சி பரவும் என்பதால் பல நாடுகள் பச்சை மண்ணைத் தடுக்கின்றன. சுட்ட ஓட்டுத்துண்டாக அனுப்புவது எளிது. பெறும் நாட்டின் விதியை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

● பதிவு: எடுத்த இடம், ஆழம், நிறம், திகதி ஆகியவற்றைப் பொதியில் எழுத வேண்டும். குழியை மூடிவிட்டே திரும்ப வேண்டும்.