அட்டையைப் போல ஒட்டும் கிருமி: சால்மோனெல்லாவும் நம் குடலும்

தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்தவர்களுக்கு அட்டையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காலில் ஏறியதும் முதலில் பிடித்துக்கொள்ளும், பிறகுதான் கடிக்கும். பிடித்துவிட்ட அட்டை தண்ணீர் ஊற்றினால் போகாது. உப்போ சுண்ணாம்போ பட்டால்தான் பிடியை விடும். நச்சுணவுப் பாதிப்பை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது.

பெயரைக் கேட்டதும் சிலர் சால்மன் மீனை நினைக்கிறார்கள். மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1885இல் இந்தக் கிருமியை இனங்கண்டவர் அமெரிக்க ஆய்வாளர் தியோபால்ட் ஸ்மித். அவருடைய மேலதிகாரியான கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனின் பெயரே கிருமிக்கு நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் இது உயிரையும் பறித்திருக்கிறது. 2018 அக்டோபரில் கெடா மாநிலம் பாலிங்கில் லக்சா சாப்பிட்ட 80க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், இருவர் இறந்தனர். காரணம் சால்மோனெல்லா.

கிருமியின் கைகள்

ஒரு சால்மோனெல்லா ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டர் கோட்டில் 500 கிருமிகளை வரிசையாக வைக்கலாம். அதன் மேல்தோலில் மயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவை புரதத்தால் ஆனவை. இழையின் நுனியில் ஃபிம்-எச் என்ற ஒட்டுப் புரதம் இருக்கிறது. இதைக் கிருமியின் விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் குடல் செல்களின் மேற்பரப்பில் மேன்னோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. கிருமியின் விரல் இந்தச் சர்க்கரையைத்தான் தேடிப் பிடிக்கும். குடலில் எம் செல் எனப்படும் தனிவகைச் செல்கள் உண்டு. உள்ளே வரும் கிருமிகளைப் பிடித்து நம் எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிக்கொடுப்பது அவற்றின் வேலை. அந்தக் காவல் வாசலிலேயே ஃபிம்-எச் ஒட்டிக்கொள்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள். காவல்காரன் கையைப் பிடித்துக்கொண்டே திருடன் வீட்டுக்குள் நுழைவது போல.

பிடி உறுதியானதும் கிருமி ஊசி போன்ற ஓர் உறுப்பால் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும். செல்லின் மேல்தோல் அலைபோல எழும்பிக் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வயிற்று வலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் இதன் பிறகுதான். பொதுவாகச் சாப்பிட்ட 6 முதல் 72 மணி நேரத்திற்குள் தொடங்கும்.

அட்டைக்கு உப்பு இருப்பதுபோல இதற்கும் ஏதாவது உண்டா? 1989இல் அமெரிக்காவில் கோழிக்குஞ்சுகளின் குடிநீரில் மேன்னோஸ் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கிருமியின் விரல்கள் அந்தச் சர்க்கரையையே பிடித்துக்கொள்ள, குஞ்சுகளின் குடலில் சால்மோனெல்லா குறைந்தது. ஆனால் நாம் தேநீரில் போடும் சீனி மேன்னோஸ் அல்ல. இதைப் படித்துவிட்டு இன்னொரு கரண்டி சீனி போட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் கண்டிப்பாக வேண்டாம்.

திரிங்காப்பில் கவனிக்க வேண்டியவை

இங்கே காய்கறித் தோட்டங்களில் கோழி எரு போடுவது வழக்கம். கோழியின் குடலில் சால்மோனெல்லா நோய் காட்டாமலே வாழும், எருவில் வெளிவரும். எரு நன்றாக மக்காமல் இருந்தால் கிருமி கீரைக்கும் சாலட் இலைக்கும் போய்ச் சேரலாம். இலையிலும் அது தன் இழைகளால் ஒட்டிக்கொள்ளும். இலையின் நுண்துளைகளுக்குள்ளும் புகுந்துவிடும். ஆகவே குழாய்த் தண்ணீரில் அலசினால் குறையுமே தவிர முழுதும் போகாது. அலசுவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் வயதானவர்களுக்குப் பச்சையாகக் கொடுப்பதைவிட வதக்கியோ வேகவைத்தோ கொடுப்பது நல்லது. முளைகட்டிய பயறுக்கும் இது பொருந்தும். புரதப் பிடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நல்ல சூட்டில் கிருமி செத்துவிடும்.

பச்சைக் கோழியைச் சிங்க்கில் கழுவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் தட்டுக்கும் கீரைக்கும் கிருமியைக் கொண்டுபோகும். கழுவாமல் சமைப்பதே பாதுகாப்பு. உள்ளே சிவப்பு தெரியாமல் வேகட்டும். கோழி நறுக்கிய பலகையில் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள்.

காலையில் காப்பியோடு அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டுப் பழகியவர்கள் பலர். விட மனம் வராதுதான். அறுபதைத் தாண்டியவர்கள் மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

“இங்கே குளிர்தானே, கறி கெடாது” என்று சட்டியை இரவு முழுதும் அடுப்படியில் வைப்பதும் தவறு. 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரை ஆபத்தான வெப்பநிலை. நம் மலையின் இரவுக் குளிரும் அதற்குள்ளேதான் அடங்கும். சமைத்த 4 மணி நேரத்திற்குள் சாப்பிடுங்கள். மிச்சம் வைப்பதாக இருந்தால் சீக்கிரமே ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள். முகர்ந்து பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சால்மோனெல்லா உள்ள உணவு பல வேளைகளில் நல்ல வாசனையோடும் ருசியோடும் இருக்கும்.

முதியோருக்கு ஏன் கூடுதல் கவனம்?

வயிற்றிலுள்ள அமிலம் கிருமிகளில் பெரும்பகுதியைக் குடலுக்குப் போகுமுன்பே கொல்கிறது. ஓமிப்ரசோல் போன்ற கேஸ்ட்ரிக் மாத்திரைகள் அந்த அமிலத்தைக் குறைக்கின்றன. அதனால் குறைந்த அளவு கிருமியும் குடலை அடைந்து ஒட்டிக்கொள்ள முடிகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடர்ந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பழைய ஆன்டிபயாட்டிக் மாத்திரை வீட்டில் இருக்கிறதே என்று விழுங்க வேண்டாம். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், தலைசுற்றல், சிறுநீர் குறைதல் இவற்றில் எது இருந்தாலும் அன்றே சுகாதார கிளினிக்கிற்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ செல்லுங்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும், கடைசி மூன்று நாளில் என்னென்ன, எங்கெங்கே சாப்பிட்டீர்கள் என்று எழுதிய தாளையும் கையோடு கொண்டு போங்கள்.