அலைன்மென்ட் கடைசியில் செய்ய வேண்டிய வேலை

மழைக்காலக் குழியில் கார் பலமாக விழுந்து எழுகிறது. அதன் பிறகு ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது. உடனே எல்லோரும் போவது வீல் அலைன்மென்ட் கடைக்குத்தான். இதைவிடச் செலவு வைக்கும் தவறு வேறில்லை என்பது என் அனுபவத் தீர்ப்பு. நல்ல நிலையில் இருக்கும் பாகங்களைச் சரியான கோணத்தில் நிறுத்துவதுதான் அலைன்மென்ட். வளைந்த லோயர் ஆர்மையோ ஸ்ட்ரட்டையோ அது நிமிர்த்தாது. நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். இவற்றில் திருகி மாற்றுவதற்கென்று கம்பெனி விட்டுவைத்திருப்பது பெரும்பாலும் முன்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) ஒன்றைத்தான். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்), பின்சக்கரக் கோணங்கள் எல்லாம் பாகங்களின் வடிவத்தாலேயே அமைந்தவை. அடிபட்ட பிறகு அவற்றில் ஒன்று மாறியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, நகர்ந்திருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. அது எந்தப் பாகம் என்று தெரியாமல் டோவை மட்டும் திருகிவிட்டு அனுப்பினால் புது டயரும் அதே மாதிரிதான் தேயும்.

பழைய டயரைக் கடையில் தள்ளிவிட்டுப் புதுசு போட்ட பிறகு காரணம் தேடுவது, சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு விசாரணை நடத்துவதைப் போன்றது. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று த்ரெட் ஆழத்தை டயரைச் சுற்றிலும் சில இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் மட்டும் தேய்வு என்றால் காற்று அதிகம், இரண்டு விளிம்பிலும் என்றால் காற்று குறைவு. அதோடு அந்த விஷயம் முடிந்தது. ஒரே விளிம்பு, சுற்றிலும் சீராக, வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்க வேண்டும். டயரின் குறுக்கே உள்ளங்கையை ஒரு பக்கமாகத் தடவும்போது வழுக்கி, திருப்பித் தடவும்போது ரம்பப் பல் மாதிரி குத்தினால் அது டோ. அங்கங்கே பள்ளம் பள்ளமாக இருந்தால் கோணங்களை விட்டுவிட்டு ஷாக் அப்சார்பர், ஹப் பேரிங், பேலன்சிங் பக்கம் போங்கள். காஸ்டர் மாறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்குமே தவிர டயர் அவ்வளவாகத் தேயாது.

இவற்றில் டயரை வேகமாகத் தின்பது டோதான். தான் ஓடும் திசையிலிருந்து ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி நின்றால், வெறும் கோணக் கணக்கிலேயே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டு இழுப்பு வருகிறது. அரை டிகிரி கண்ணுக்குத் தெரியாது. இதில் பலரும், தொழில் தெரிந்தவர்கள்கூட, கவனிக்காத ஒன்று உண்டு. இடது பக்க டை ராட் மட்டும் வளைந்திருந்தாலும், நேராகப் போவதற்காக ஓட்டுபவர் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடித்திருப்பார். அதனால் மொத்தப் பிழையும் இரண்டு முன்சக்கரங்களுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்து, அடி வாங்காத வலது டயரும் சேர்ந்து தேயும். “ரெண்டு பக்கமும் தேயுதே சார், இது குழியில விழுந்ததால வந்தது இல்ல” என்று யாராவது சொன்னால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள். கேம்பர் அப்படிப் பங்கு பிரியாது. எந்தச் சக்கரம் சாய்ந்ததோ அந்த டயரைத்தான் தின்னும். ஆகவே இரண்டு முன்டயரும் ஒரே மாதிரி ரம்பமாகியிருந்தால் டை ராடையும் ஸ்டியரிங் ராக்கையும், ஒரே டயரின் உள்விளிம்பு மட்டும் போயிருந்தால் அந்தப் பக்க ஸ்ட்ரட், நக்கிள் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்), லோயர் ஆர்மையும் முதலில் பார்ப்பது நியாயம்.

“மெஷினே எல்லாம் பச்சையாகக் காட்டிவிட்டதே” என்பது வழக்கமான மறுப்பு. மெஷின் பொய் சொல்வதில்லை. ஆனால் அது அளப்பது நிற்கும் வண்டியை. லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் கிழிந்திருந்தால், நிற்கும்போது கோணம் சரியாக இருக்கும். பிரேக் பிடித்தவுடன் சக்கரம் பின்னால் நகர்ந்து டோ மாறும். ரிம் நெளிந்திருந்து, கிளாம்ப் மாட்டிய பிறகு ரன்அவுட் (சுழலும்போது ரிம் ஆடும் அளவு) சரிசெய்யும் படியைத் தாவிவிட்டால், வரும் எண்ணே தப்பு. இவற்றைவிட மோசமானது, கேம்பர் சிவப்பில் நின்றால் ஜாக்கி வைத்து ஸ்ட்ரட்டை வளைத்தோ, போல்ட் துளையை அராவியோ பச்சைக்குக் கொண்டுவருவது. ஏற்கெனவே வளைந்த ஒன்றை ஈடுகட்ட நல்ல பாகத்தையும் வளைத்துவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கும் இந்த வழக்கத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. சக்கரத்தைத் தாங்கும் பாகம் அது. உடைந்தால் போவது டயர் மட்டும் அல்ல.

வளைக்காமலே குற்றவாளியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நான்கு சக்கரங்களையும் அளக்கும் பெரும்பாலான மெஷின்களால் எஸ்.ஏ.ஐ. (ஸ்டியரிங் ஆக்சிஸ் இன்க்ளினேஷன்) என்ற கோணத்தையும் அளக்க முடியும். ஸ்ட்ரட்டின் மேல்முனையையும் கீழே பால் ஜாயிண்டையும் இணைக்கும் கோடு, முன்னாலிருந்து பார்க்கும்போது, செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே அது. பிரேக்கை அழுத்தி நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி அளக்க வேண்டும். சில நிமிட வேலை, ஆனால் கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். எஸ்.ஏ.ஐ. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து கேம்பர் மட்டும் வேறுபட்டால் ஸ்ட்ரட் அல்லது நக்கிள் வளைந்திருக்கிறது. எஸ்.ஏ.ஐ.யையும் கேம்பரையும் கூட்டினால் வரும் தொகை இரு பக்கமும் சமமாக இருந்து, தனித்தனியாக மட்டும் மாறியிருந்தால் நக்கிள் பிழைத்தது; லோயர் ஆர்மையோ, கிராஸ்மெம்பரையோ, ஸ்ட்ரட் அமர்ந்திருக்கும் பாடிப் பகுதியையோ தேட வேண்டும்.

வண்டி நேராகத்தானே ஓடுகிறது என்பார்கள். டோ பிழை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிவதாலேயே வண்டி இழுக்காமல் ஓடும், டயர் மட்டும் கரையும். இழுத்தாலும் அது சஸ்பென்ஷன்தான் என்று முடிவுகட்ட முடியாது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், சாலையும் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கிறது. திசைக் குறியில்லாத டயர்களாக இருந்தால் முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். சோதனைக்காக இப்படி மாற்றுவது வேறு. தேய்வை மறைக்க ரொட்டேஷன் செய்துகொண்டே இருப்பது வேறு. இரண்டாவது, இரண்டு டயரின் நஷ்டத்தை நான்கு டயருக்குப் பங்கிடும் வேலை.

செலவு பற்றிய மறுப்புதான் வலுவானது; அதற்கும் பதில் உண்டு. பெரும்பாலான சின்ன கார்களில் ஒரு லோயர் ஆர்மின் விலை இரண்டு டயர் விலையைத் தொடாது. காப்பீட்டையும் பாருங்கள். நம் நாட்டில் சொந்தச் சேதத்துக்கான மோட்டார் பாலிசியின் வழக்கமான விதிப்படி, டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு கிடையாது. வண்டியும் கூடவே சேதமாகியிருந்தால் டயர் மாற்றும் செலவில் 50 சதவீதம் வரை கிடைக்கும். தேய்மானத்துக்கு எதுவும் இல்லை. விழுந்த கையோடு வளைந்த ஆர்மையும் கிழிந்த டயரையும் சர்வேயரிடம் காட்டினால் அது விபத்துச் சேதம். மாதக்கணக்கில் அலைன்மென்ட் செய்து ஓட்டிவிட்டு மொட்டை டயரோடு போய் நின்றால் அது தேய்மானம்.

மற்ற வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: காற்றைச் சரிபார்ப்பது, நான்கு மூலையிலும் வண்டியின் உயரத்தை அளப்பது, லிஃப்ட்டில் ஏற்றி நெம்புகம்பியால் புஷ்களையும் பால் ஜாயிண்டையும் அசைத்துப் பார்ப்பது, கெட்டதை மாற்றுவது. ஒன்றை மட்டும் நின்று கவனியுங்கள். புது லோயர் ஆர்ம் மாட்டும்போது புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் இறுக்கிவிடுவார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு. அது முடிந்த பிறகு அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுங்கள். திருகுவதற்கு முன் எடுத்த சீட்டையும் பின் எடுத்த சீட்டையும் எஸ்.ஏ.ஐ. எண்களோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.