அக்கா சேர்ந்த இயக்கம் ‘கல்ட்’டா?

இந்த மாதப் பாடத்துக்கு நான் யோசித்து வைத்திருந்தது வேறு தலைப்பு. தேர்ச் சக்கரமும் அச்சும் எப்படி வேலை செய்கின்றன என்று எழுதலாம்னு இருந்தேன் (மெக்கானிக்கல் படிக்கிறவன் வேறு எதை யோசிப்பான்). அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுவதற்குக் காரணம், எங்கள் குடும்பத்தில் நான் செய்த ஒரு தப்பு.

என் பெரியம்மா மகள் என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்ததே அந்த அக்காதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புதிய ஆன்மிக இயக்கத்தில் சேர்ந்தார். முதலில் வார இறுதித் தியான வகுப்பு. பிறகு சைவச் சாப்பாடு. அதில் யாருக்கும் வருத்தமில்லை. பிறகு வெள்ளை உடை, குருவின் படம் போட்ட பதக்கம், மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கு. போன தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். பெரியம்மா அழுதார். அன்று இரவு குடும்பப் புலனக் குழுவில் நான் எழுதினேன்: “அக்கா, நீங்க சேர்ந்திருக்கிறது கல்ட். நெட்டுல தேடிப் பாருங்க.” இரண்டு மாமாக்கள் உடனே கட்டைவிரலைத் தூக்கினார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். எட்டு மாதம் என்னுடன் பேசவில்லை.

அந்த எட்டு மாதத்தில் நான் தேடிப் படித்ததைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

முதலில் அந்தச் சொல். ‘கல்ட்’ லத்தீன் மொழியிலிருந்து வந்தது. மூலப் பொருள் பேணுதல், வழிபடுதல். பயிரைப் பேணுவதற்கும் அதே வேர்தான். இன்றும் ஆய்வாளர்கள் முருக வழிபாட்டைப் பற்றி எழுதும்போது ‘கல்ட்’ என்று சாதாரணமாக எழுதுவார்கள், அதில் திட்டு எதுவும் கிடையாது. ஆனால் அன்றாடப் பேச்சில் அது திட்டாக மாறி ரொம்ப நாளாகிவிட்டது. 1978-ல் கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் ஒரே நாளில் 900-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டாலே பிணங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். நான் அக்காவிடம் சொன்னது அந்தச் சொல்லைத்தான். அதனால்தான் இன்றைய அறிஞர்கள் பலர் ‘புதிய சமய இயக்கம்’ என்று மட்டும் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் இன்னொரு சொல்லும் காதில் விழும்: ‘ஆஜாரான் செசாட்’, வழிதவறிய போதனை. இஸ்லாத்தில் எது வழி, எது தவறு என்று முடிவு செய்ய இங்கே அதிகாரம் உள்ள அமைப்புகள் இருக்கின்றன. நமக்கு அப்படி எதுவும் இல்லை. சைவர், வைணவர், சாக்தர், அம்மன் கோயிலில் கிடா வெட்டுகிறவர், கடவுளே வேண்டாம் ஆத்மா போதும் என்கிறவர், எல்லாரும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அப்புறம் எந்த வழியிலிருந்து தவறினார் என்று அக்காவிடம் கேட்பது? நம்பிக்கையை வைத்துத் தீர்ப்பு சொல்ல நமக்குக் கையில் அளவுகோல் இல்லை.

“புதுசா இருக்கே, அதனால சந்தேகம்” என்றும் சொல்ல முடியாது. வள்ளலாரைப் பாருங்கள். 1865-ல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1872-ல் வடலூரில் சத்திய ஞான சபை. சாதி வேண்டாம், சடங்கு வேண்டாம், ஜோதியே தெய்வம் என்றார். அன்றைய சைவர்களுக்கு இது புத்தம் புது இயக்கம். அவர் பாடல்களைத் திருமுறைக்குச் சமமாக ‘அருட்பா’ என்று சொல்லக் கூடாது என எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். சைவப் பள்ளிக்கூடமும் சைவ நூல் பதிப்பும் என்று வாழ்ந்த மனிதர். ‘போலியருட்பா மறுப்பு’ என்றே நூல் வந்தது. விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அன்றைக்கு ‘கல்ட்’ என்ற சொல் தமிழில் புழங்கியிருந்தால் வடலூர் மேல் அது விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இன்று தைப்பூசத்தன்று நம் நாட்டுச் சன்மார்க்க சங்கங்களில் ஜோதி வழிபாட்டுக்குப் பிறகு நாம் வரிசையில் நின்று அன்னதானம் வாங்குகிறோம்.

சரி, முத்திரை தவறாக விழுந்தால் என்ன ஆகும்? சரியான இடத்தில் விழாமல் போனால் என்ன ஆகும்? இரண்டுக்கும் நடந்த கதை இருக்கிறது.

முதல் கதை ஹரே கிருஷ்ணா இயக்கம், இஸ்கான். பிரபுபாதா 1965-ல் கொல்கத்தாவிலிருந்து சரக்குக் கப்பலில் அமெரிக்கா போனார். வயது 69. அடுத்த வருடமே நியூயார்க்கில் இயக்கத்தைப் பதிவு செய்தார். மொட்டைத் தலையும் வேட்டியுமாகத் தெருவில் ஆடிப் பாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்து ஊரே ‘கல்ட்’ என்றது. சில பெற்றோர் ஆள் வைத்துத் தங்கள் வளர்ந்த பிள்ளைகளையே கடத்தி, அறையில் அடைத்து, நம்பிக்கையை விடச் சொல்லி நாள்கணக்கில் நெருக்கினார்கள். அதற்கு ஒரு தொழிற்பெயரே இருந்தது: ‘டீபுரோகிராமிங்’. மூளைச்சலவை செய்தார்கள் என்று கோயில் நிர்வாகிகள் மேல் வழக்கும் வந்தது. 1977-ல் நியூயார்க் குவீன்ஸ் நீதிமன்றம், இது இந்தியாவில் ஆழமாக வேரூன்றிய உண்மையான மதம் என்று சொல்லி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. உண்மைதானே? சைதன்யர் காலத்திலிருந்து 500 வருடமாக வங்காளத்தில் இருக்கும் வைணவம் அது. புதுசாகத் தெரிந்தது அமெரிக்கர்களுக்குத்தான்.

இங்கேயே கதை முடிந்தால் நமக்கு வசதி. முடியவில்லை. ஊரெல்லாம் மொட்டையையும் மந்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், இயக்கத்தின் குருகுல விடுதிகளில் சின்னப் பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள், பாலியல் கொடுமைக்கும் ஆளானார்கள். 1998-ல் இயக்கத்தின் சொந்த ஆய்விதழே அதை வெளியிட்டது. 2000-ல் முன்னாள் மாணவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். கடைசியில் இயக்கம் நஷ்ட ஈடு கொடுத்தது. ‘கல்ட்’ என்று கத்திய யாரும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. எல்லாருக்கும் விநோதமாகத் தெரிந்தது உடை. உண்மையான கேள்வி, அந்த விடுதியில் ராத்திரி யார் பொறுப்பில் இருந்தார்கள், ஒரு பிள்ளை புகார் சொன்னால் யார் காது கொடுப்பார்கள் என்பது.

இரண்டாவது கதை என்னைத் தூங்கவிடாதது. ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ. ஆமாம், நம்ம ‘ஓம்’தான். 1984-ல் டோக்கியோவில் ஒரு சின்ன யோகா வகுப்பாகத் தொடங்கியது. நடத்தியவர் ஷோக்கோ அசஹாரா. பௌத்தம், யோகா, சிவபெருமானின் பெயர் எல்லாம் கலந்த போதனை. 1989-ல் சட்டப்படி மத அமைப்பாக அங்கீகாரமே கிடைத்துவிட்டது. அதே வருடம் நவம்பரில், உறுப்பினர்களின் பெற்றோருக்காக வாதாடிய ஒரு வழக்கறிஞரை, குருவின் இரத்தத்தில் தனிச்சக்தி இருப்பதாகச் சொன்னதைத் துருவியவரை, மனைவியோடும் கைக்குழந்தையோடும் கொன்றார்கள். வெளியே தெரிய வருடங்கள் ஆனது. 1995 மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சுவாயு. 13 பேர் அந்தச் சமயம் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

அந்த வாயுவைத் தயாரித்தவர்களும் ரயில்களில் பரப்பியவர்களும் யார்? படிக்காத பாமரர்கள் இல்லை. இயற்பியல் படித்தவர், வேதியியல் படித்தவர், இதய மருத்துவர். இயக்கத்தின் சார்பில் தொலைக்காட்சியில் பேசியவர் வாசேதா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். குருவின் மூளை அலையோடு நம் மூளை அலையை ஒத்திசைக்கும் என்று சொல்லி மின்முனைகள் வைத்த தொப்பியைப் பெரும் விலைக்குக் கொடுத்தார்கள். அதை விஞ்ஞானம் படித்தவர்களே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் படித்தவன், எனக்குத் தெரியும் என்று அக்காவுக்குப் பாடம் எடுத்தேனே, அந்த எனக்கு இது நல்ல அடி.

ஆக ஒரு பக்கம் முத்திரை இருந்தும் பயனில்லை. இன்னொரு பக்கம் முத்திரைக்குப் பதில் அரசாங்கச் சான்றிதழே இருந்தது. பெயரை விட்டுவிட்டு நடத்தையைப் பார்ப்போம் என்று நான் முடிவுக்கு வந்தது இதனால்தான்.

“ஆனா மூளைச்சலவை பண்ணிடுவாங்களே?” என்று பெரியம்மா கேட்டார். அய்லீன் பார்க்கர் என்ற ஆய்வாளர், மூன் என்ற கொரியரின் இயக்கத்தை லண்டனில் ஆராய்ந்து 1984-ல் நூல் எழுதினார். அறிமுக முகாமுக்குப் போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் நிறைய பேர் பிறகு தாங்களாகவே வெளியேறினார்கள். மந்திரம் போட்டதுபோல யாரையும் இழுத்துவிட முடியாது. போகிறவர் எதையோ தேடித்தான் போகிறார். அக்கா எதைத் தேடினார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்போது வேலையில் பிரச்சினை, கல்யாணப் பேச்சு முறிந்த நேரம். அதுகூடப் பிறகுதான் உறைத்தது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? எங்கள் ஆய்வகத்தில் ஒரு கொதிகலனைச் சோதிக்கும்போது உள்ளே தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று முதலில் பார்ப்பதில்லை. அழுத்தம் ஏறினால் வெளியே விடும் வால்வு இருக்கிறதா, அது திறக்கிறதா? அதைத்தான் முதலில் பார்ப்போம். இயக்கத்திலும் முதல் கேள்வி அதுவே: வெளியே வர முடியுமா? “வரலாம், யாரும் தடுக்கல” என்று எல்லா இயக்கமும் சொல்லும். வெளியே வந்தவர்களைப் பற்றி உள்ளே எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். “அவருக்கு வேற வேலை வந்துடுச்சு” என்றால் பரவாயில்லை. “அவன் துரோகி, அவனுக்கு நோய் வரும்” என்றால் வால்வை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பணம். இதில் வெட்கப்படாதீர்கள். நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவான எந்தச் சங்கமும், ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கையும் கணக்கும் பதிவு இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். உறுப்பினர் கணக்கு கேட்பது பக்திக் குறைவு ஆகாது. கம்பெனியாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்திருந்தால் அதற்கும் கணக்கு உண்டு. “குருவுக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்க்கலாமா” என்று பதில் வந்தால், குரு கேட்டாரா, பொருளாளர் கேட்டாரா என்று திருப்பிக் கேளுங்கள்.

குருவிடம் கேள்வி கேட்க முடியுமா என்பதும் முக்கியம். இங்கே நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சரணாகதி நம் மரபில் உயர்ந்த விஷயம், மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் குருவைப் பார்த்ததும் மந்திரி வேலையையே மறந்தார். வெளியிலிருந்து பட்டியல் வைத்துப் பார்த்தால் அதுவும் ‘கல்ட்’ மாதிரிதான் தெரியும். ஆனால் அர்ச்சுனன் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். கிருஷ்ணர் எல்லாம் சொல்லி முடித்த பிறகும், யோசித்து உன் இஷ்டப்படி செய் என்றுதான் விட்டார். அப்படி விடாத குருவிடம் எனக்குப் பயம்.

இதே கேள்விகளை நம் பக்கமும் திருப்ப வேண்டும். நம் இளைஞர் முகாமிலும் கைப்பேசியை வாங்கி வைக்கிறோம், விடியற்காலை எழுப்புகிறோம், ஒரே வண்ணச் சட்டை, ஒரே கோஷம். மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், முகாம் தலைவரின் எண் எல்லா அம்மாவிடமும் இருக்கிறது. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. கோயில் திருவிழாக் கணக்கை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம் என்பதை உங்கள் வட்டாரச் சமய வகுப்பில் பேசுங்கள். சண்டை வந்தால் என் மேல் பழி போடாதீங்க.

கடைசியாகத் திலகவதியார். தம்பி மருணீக்கியார் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனார். சமணம் பழம்பெரும் மதம், அதை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. நான் பார்ப்பது அக்காவை. அவர் பின்னாலேயே போய்ச் சண்டை போடவில்லை, ஊரைக் கூட்டவில்லை. திருவதிகையில் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டு இருந்தார். சூலை நோய் வந்து தம்பி ராத்திரியோடு ராத்திரியாகத் தேடி வந்தபோது, போக ஒரு வீடு இருந்தது. அவர்தான் பிறகு அப்பர். இந்தக் கதையை எனக்குச் சொன்னதும் அக்காதான்.

போன மாதம் அவருக்கு அழைத்தேன். “அக்கா, அன்னிக்குக் குழுவுல அப்படி எழுதினது தப்பு.”

“ம்.”

“என்ன தியானம்னு ஒரு நாள் எனக்கும் சொல்லுங்க. அப்புறம் ஒண்ணு கேட்கலாமா? மாசம் கட்டுற காசுக்கு ரசீது தர்றாங்களா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஆன்லைன்ல போகுதுடா. ரசீது… கேட்டதில்ல. கேட்டுப் பார்க்கிறேன்.”

கேட்டாராம். ஆண்டுக் கூட்டத்தில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா பெரியம்மா வீட்டுக்கு வருகிறார், நானும் போகிறேன். சாப்பாடு முழுக்கச் சைவம் என்று பெரியம்மா இப்போதே சொல்லிவிட்டார்.